ஆறாவது பீஸ்

மார்ச் 3, ஞாயிறு

நூல் மில்காரர்கள் கம்பெனிக்குக் கொடுத்த டைரிகளில் மிச்சமான ஒன்றை சூப்பர்வைசர் என் தலையில் கட்டினார். ஜனவரியும் பிப்ரவரியும் காலி. அந்த இரண்டு மாதம் நான் உயிரோடு இருந்ததற்கு அத்தாட்சி கிடையாது.

பத்தாம் வகுப்பில் கணக்கிலும் இங்கிலீஷிலும் கோட்டை விட்ட வெள்ளிங்கிரிக்கு டைரி எதற்கு என்று துளசிமணி கேட்டாள். அளவு குறித்துவைக்க என்றேன். “யாரோட அளவுங்க?” என்றாள். கட்டிய நாளிலிருந்து இவள் இப்படித்தான், கேட்கக் கூடாத இடத்தில் சரியாகக் கேட்பாள்.

விஷயம் இதுதான். காலையில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். மகன் பூபதியின் கைலிக்கு அடியில், வெளியே தெரியாதபடி, கறுப்பாக ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பனியன் என்று நினைத்துத் தொட்டேன். பனியன் இல்லை. உடம்பைப் பிடித்து இறுக்குகிற ஜாதி. நாங்கள் கம்பெனியில் வெளிநாட்டுப் பொம்பளைகளுக்கு ஷேப்வேர் என்று தைத்து அனுப்புகிறோமே, அதுவேதான். ஆம்பளைப் படம் போட்ட லேபிளை மட்டும் ஒட்டியிருந்தார்கள். ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். தையல் கண்றாவி. அப்பன் முப்பத்திமூன்று வருஷமாக பிளாட்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறான், மகன் இதைப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

ஏன் வாங்கினான் என்று எனக்குத் தெரியும். பதினான்கு வயதில் பூபதிக்கு மார்பு பெண்பிள்ளைக்கு எழும்புவது போல எழும்பி, அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். அதை இந்த டைரியில் எழுதமாட்டேன். “கொழுப்பு இல்ல, சுரப்பி. நெறையப் பேருக்கு இருக்கும். ஒண்ணும் பண்ணாது. வேணும்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம்” என்றார் டாக்டர். ஆபரேஷன் என்றதும் பூபதி செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் இல்லை.

இப்போது இருபத்தெட்டு வயது. எம்பிராய்டரி யூனிட்டில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான். நாங்கள் கொண்டுவந்த நான்கு ஜாதகத்தையும் வேண்டாம் என்றவன், அதே யூனிட்டில் செக்கிங்கில் இருக்கிற செல்வக்கனிக்குத் தானாகவே தலையாட்டியிருக்கிறான். மே 27 முகூர்த்தம். இது கலையக் கூடாது. எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

கறுப்பைக் கீழே கொண்டுவந்து, சுருண்டிருந்த அடி ஓரத்தைப் பிரித்துத் திருப்பித் தைத்து, அயர்ன் போட்டு, மறுபடியும் கைலிக்கு அடியிலேயே தொங்கவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

கொடியில் இல்லை. போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

மார்ச் 6, புதன்

அயர்ன் மேசைமேல் கறுப்பு மடித்து வைத்திருந்தது. இடது கஷ்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். செக்கிங்கில் பழுதான இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அது. யூனிட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான்.

மகன் அப்பனுக்குப் போட்ட முதல் கடிதாசி. விலாசம் கஷ்கம்.

மார்ச் 10, ஞாயிறு

காதர்பேட்டைக்குப் போனேன். எக்ஸ்போர்ட் மிச்சங்களைக் குவித்து விற்கிற கடைகளில் நாலு ஏறி இறங்கினேன். பொம்பளைகள் ஷேப்வேர் இருக்கிறது, ஆம்பளைகளுக்கு இல்லை. சரி, பொம்பளை பீஸை வாங்கி ஆம்பளையாக மாற்றிக்கொள்ளலாம் என்று கை நிறைய அள்ளினேன்.

“அண்ணனுக்கு இல்ல, அண்ணிக்குத்தானுங்க?” என்றான் கடைக்காரன்.

“எனக்குத்தானப்பா. சினிமால கூப்புட்டிருக்கறாங்க.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையை வேடிக்கை மாதிரி சொன்னால் யாரும் அதைப் பிடித்துக்கொள்வதில்லை. எனக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு.

மார்ச் 17, ஞாயிறு

முதல் பீஸ் முடிந்தது. பின்னால் உதவும் என்று குறித்துவைக்கிறேன்.

பொம்பளை பீஸில் மார்புக்குக் கிண்ணம் மாதிரி இடம் விட்டிருப்பார்கள். நமக்கு அந்த இடம்தான் எதிரி. அதைப் பிரித்து எடுத்துவிட்டு, பவர்நெட் என்கிற முரட்டு வலைத்துணியைத் தட்டையாக வைத்துத் தைக்கவேண்டும். இழுத்தால் முறைத்துக்கொண்டு திரும்பி வருகிற துணி அது. இடுப்பு வளைவை நேராக்கவேண்டும். தோள்பட்டி நூலாட்டம் இருக்கும், ஆம்பளைத் தோளில் அறுக்கும், அதை மூன்று விரல் அகலத்துக்கு மாற்றவேண்டும். தையலெல்லாம் தட்டையாகப் படிகிற பிளாட்லாக், சட்டைக்கு மேலே தடம் தெரியக் கூடாது.

தைத்து டம்மிக்குப் போட்டுப் பார்த்தேன். அளந்து வார்த்த மாதிரி உட்கார்ந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட டம்மி பொம்மை ஒன்று கிடைத்தது என்று துளசிமணியிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

மேசைமேல் பீஸ். ஏழு அம்புக்குறி. அடியில் நாலு, கஷ்கத்தில் இரண்டு, கழுத்தில் ஒன்று. அடி சுருண்டு மேலே ஏறுகிறது என்று அர்த்தம்.

டம்மிக்கு ஏறவில்லையே.

மார்ச் 31, ஞாயிறு

இரண்டாவது பீஸ். அடி ஓரத்தில் உள்பக்கம் வழுக்காத ரப்பர் பட்டை வைத்தேன். கஷ்கத்தைக் குடைந்துவிட்டேன். வாரம் முழுக்கக் கம்பெனியில் குனிந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குனிந்து, என் முதுகு இப்போது கேள்விக்குறி மாதிரி இருக்கிறது. கண்ணும் சரியில்லை. ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடுகிறது.

ரூமுக்குள் டம்மிக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது துளசிமணி காப்பியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“டம்மிக்கு இப்படி வேர்க்குதுங்களே” என்று தன் முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஐந்து அம்புக்குறி. முன்னேற்றம்தான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மச்சான் வீட்டில் எல்லோரும் வேன் வைத்து வாய்க்காலில் குளிக்கப் போனார்கள். என்னையும் பூபதியையும் கூப்பிட்டார்கள். பூபதிக்கு வேலை. எனக்குத் தண்ணி என்றால் பயம். வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன்.

“பயமாமா! பதினாலு வயசு வரைக்கும் அந்த வாய்க்கால்லயே மீனாட்டக் கெடந்தவருன்னு உங்க அம்மா சொல்லுவாங்க” என்றாள் துளசிமணி.

பயம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்கு வயது வரம்பு கிடையாது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப்பிறப்பு. செல்வக்கனியின் அப்பா லிங்கதுரை பழத்தட்டோடு வந்தார். உடன்குடிப் பக்கம். இங்கே வந்து இருபது வருஷமாக மளிகைக்கடை வைத்திருக்கிறார். பேச்சும் சிரிப்பும் வாசலுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

“சம்பந்தி, மாப்ள ஏன் எப்பவும் கூனிக்கிட்டே நிக்காரு? நெஞ்ச நிமித்தி நில்லுங்கன்னு நீங்க சொல்லக்கூடாதா?”

“கம்ப்யூட்டர் வேலைங்க, குனிஞ்சு குனிஞ்சு பழகிருச்சு” என்றேன்.

பூபதி தட்டிலிருந்த வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போனதும் மூன்றாவது பீஸுக்கு உட்கார்ந்தேன். இந்த முறை பவர்நெட் இரண்டு மடிப்பு. நெஞ்சு பலகை மாதிரி இருக்கவேண்டும். நிமிர்ந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஒரே ஒரு அம்புக்குறி. சாயந்திரம் டீக்கடையில் எல்லோருக்கும் நானே டீ சொன்னேன். காரணம் கேட்டார்கள். வருஷப்பிறப்பு என்றேன். அது நேற்று முன்தினம் முடிந்துவிட்டதே என்றார்கள்.

ஏப்ரல் 27, சனி

இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் கம்பெனிக்குப் போன் வந்தது. பூபதி பழைய பஸ் ஸ்டாண்டு சிக்னலில் வண்டியோடு சாய்ந்துவிட்டான். வெயில். நான் போகும்போது பேக்கரி பெஞ்சில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். முகம் சுண்ணாம்பு மாதிரி. இரண்டு கையாலும் சட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தான்.

“பட்டனக் கழட்டுனா காத்துப் படும்னா, பையன் கையவே எடுக்க மாட்டேங்கறானுங்க” என்றார் பேக்கரிக்காரர்.

ஆட்டோவில் ஏற்றினேன். பாதி வழியில் கண்ணைத் திறந்து, என் காதுப் பக்கம் வந்து, “கழட்ட உடலீங்கப்பா” என்றான். பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னான்.

இரண்டு மடிப்பு வைத்தது நான்தான். மூச்சு விடுகிற நெஞ்சு விரிந்து சுருங்கும் என்பது, மகன் மூச்சு விடுகிறவன் என்பது, எனக்கு மறந்துபோய்விட்டது.

வீட்டில் துளசிமணி அவனுக்கு எலுமிச்சம்பழத் தண்ணி கொடுத்துவிட்டு, மூன்றாவது பீஸைக் கத்தரிக்கோலால் நாலாக வெட்டி என் முன்னால் போட்டாள்.

“கண்ணாலம் வேணும்னு மாப்பிளையையே கொன்னுபோடாதீங்க. நீங்க பட்டது போதாதுங்களா, அவனையும் அதே மாதிரி கட்டி வெக்கோணுமா?”

நான் என்ன பட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

முதுகுப் பக்கம் ஜன்னல் மாதிரி வலை வைத்து, ஒற்றை மடிப்பில், நாலாவது பீஸ். மேசைமேல் வைத்தேன். இரண்டு நாளாகத் தொடவில்லை. இன்று காலையில் போட்டுக்கொண்டு போனான். சாயந்திரம் மூன்று அம்புக்குறி. பரவாயில்லை. மூச்சு வருகிறதா என்று அம்புக்குறியில் கேட்க வழியில்லை.

மே 5, ஞாயிறு

கத்தரி தொடங்கிவிட்டது. லிங்கதுரை குடும்பத்தோடு வந்து கல்யாண வேலைகளைப் பேசினார். முகூர்த்தம் அவர்கள் ஊரில், குலசாமி சாஸ்தா கோயிலில், சன்னதியிலேயே. அதெல்லாம் தெரிந்ததுதான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“பட்டுச் சட்டைக்கு ரொம்ப மெனக்கெடாதிய சம்பந்தி. எங்க கோயில்ல ஆம்பளைய யாரும் மேல ஒண்ணும் போடக்கூடாது. சட்டை, பனியன் எல்லாம் வாசல்லயே கழத்திரணும்.”

“துண்டு போத்திக்கலாமுங்களா?” என்றேன்.

“துண்ட இடுப்புல கட்டணும். தோள்ல கெடந்தா சாமிக்கு என்ன மரியாதை?”

நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை. முகம் பழக்கத்தில் சிரித்துவிட்டது. பூபதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மே 6, திங்கள்

கதவுக்கு உள்ளேயிருந்து அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்: “கண்ணாலத்த நிறுத்திப்போடுங்கம்மா. காரணம் கேட்டா எனக்கு வேற புள்ளையப் புடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க.”

கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிறானாம். அந்த அவமானம் இந்த அவமானத்துக்குத் தேவலை என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

மே 8, புதன்

லிங்கதுரை கடைக்குப் போனேன். மாப்பிள்ளைக்கு மட்டும் மேலே ஒரு துணி போட வழி உண்டா என்று கேட்கத்தான் போனேன். காரணமும் யோசித்து வைத்திருந்தேன்: தோல் வியாதி, ஜோசியர் சொன்னது, பிரார்த்தனை. மூன்றில் எது வாயில் வருகிறதோ அது.

“வாங்க சம்பந்தி, என்ன நின்னுக்கிட்டே இருக்கிய” என்று நாற்காலி போட்டார். சர்பத் கொடுத்தார். அவருடைய அப்பா அந்தக் கோயிலுக்குக் கல் சுமந்த கதையைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் எழுந்து, வந்த வேலை முடிந்த மாதிரி, கருப்பட்டி ஒரு கிலோ கட்டச் சொன்னேன்.

பேசப் போனவன் கருப்பட்டியோடு வந்தேன். துளசிமணி பொட்டலத்தைப் பார்த்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டாள்.

மே 12, ஞாயிறு

எனக்கும் ஒன்று உண்டு. முதுகுவலிக்காக. இறுக்கமாக இருந்தால் முதுகுக்கு நல்லது என்று நானே தைத்துக்கொண்டது. தோல் நிறம். அதற்கு மேலே ஒரு பனியன், அதற்கு மேலே சட்டை. திருப்பூர்க்காரன் இரண்டு பனியன் போடாவிட்டால் தொழில் எப்படி ஓடும் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். துளசிமணி எப்போதும் அதைத் தன் புடவைக்கு அடியில்தான் காயப்போடுவாள்.

இன்று எடுக்கப் போனால், அதன் கஷ்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி.

தையல் அங்கே சுருங்கித்தான் இருக்கிறது. பழைய பீஸ், ஆறேழு வருஷம் ஆகிவிட்டது.

காற்றில் பறந்து வந்து ஒட்டியிருக்கும்.

மே 13, திங்கள்

காற்றே இல்லை, கத்தரி வெயில்.

பூபதி சாப்பிட உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். ரசம் ஊற்றும்போது அவன் அம்மாவிடம், “நிறுத்த வேண்டாமுங்கம்மா. ஊருக்கு வாறேன். கோயில் வாசல் வரைக்கும் வாறேன். அதுக்கு மேல கேக்காதீங்க” என்றான்.

வாசல் வரைக்கும் வருகிற மாப்பிள்ளை. தாலியை எட்டி எறிவானா?

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். நான் அப்பளத்தை உடைத்தேன்.

மே 19, ஞாயிறு

அஞ்சாவது பீஸ், கல்யாணத்துக்கு. வெள்ளை. பட்டுச் சட்டைக்கு அடியில் தெரியாது. தலை வழியாகக் கழற்றுவது கஷ்டம் என்று பக்கவாட்டில் கொக்கி வைத்தேன். கோயிலில் கழற்றத்தான் வேண்டும் என்று தெரிந்தே எதற்குத் தைக்கிறேன் என்றால், மண்டப விருந்துக்கு ஆகும். கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

செல்வக்கனி ரவிக்கை அளவுக்காகத் துளசிமணியிடம் வந்தாள். துளசிமணி உள்ளே போன நேரம் பார்த்து என் மிஷின் பக்கம் வந்து நின்றாள்.

“மாமா, பிளாட்லாக்ல ஒரு நூல் விட்டுப்போயிருக்கு. இடது தோளுக்குக் கீழ, ரெண்டு இன்ச்.”

“எதுலம்மா?”

“அவர் தினமும் போடறதுல. வண்டில பின்னாடி உக்காந்தா கைக்குத் தட்டுப்படுது.”

எனக்கு மிஷின் பெடலிலிருந்து கால் நழுவியது. “எப்பருந்து தெரியும் கண்ணு?”

“மார்ச்லயே தெரியும் மாமா. அப்ப தையல் இதவிட மோசம்.”

“அது நான் தச்சதில்ல, ஆன்லைன்ல வாங்குனது” என்றேன் அவசரமாக. உலகம் இடிந்து விழும்போதும் தொழில் மானம்தான் முதலில் எழுந்து நிற்கிறது. “அவங்கிட்டச் சொன்னியா?”

“அவரா சொல்லட்டும்னு இருக்கேன். நான் சொன்னா, கண்டுபுடிச்சுட்டேன்னு ஆயிரும்ல.” வெள்ளை பீஸைக் கையில் எடுத்து, உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். செக்கிங்காரி. “இது நல்லா வந்திருக்கு மாமா.”

மே 20, திங்கள்

பூபதியிடம் சொல்லிவிடலாமா என்று நாலு தடவை வாயெடுத்தேன். அவள் தெரியும் என்கிறாள், சரி. ஆனால் கோயிலில் அவள் மட்டுமா நிற்கப்போகிறாள்? அவள் சித்தப்பன், பெரியப்பன், மாமன், மச்சான் என்று முப்பது ஆம்பளைகள். அவனுடைய பள்ளிக்கூடம் அப்படியே எழுந்து வந்து வேட்டி கட்டி நிற்கிற மாதிரிதான் அவனுக்கு இருக்கும். எனக்குத் தெரியும். அதாவது, ஊகிக்கிறேன்.

மே 24, வெள்ளி

சாமான் கட்டியாயிற்று. துளசிமணி என்னுடைய தோல் நிறத்தைப் பெட்டியில் வைக்கட்டுமா என்று கேட்டாள். போட்டுக்கொண்டே வருகிறேன் என்றேன்.

ஒன்று நினைத்திருக்கிறேன். இங்கே எழுதினால் எழுதியதே போதும் என்று விட்டுவிடுவேன். அதனால் எழுதவில்லை.

மே 27, திங்கள்

சாயந்திரம். லாட்ஜ் ரூம். மின்விசிறி தலைக்கு மேலே கிறீச்சிடுகிறது. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

கோயில் தேரிக்காட்டுக்குள் இருக்கிறது. சுற்றிலும் சிவப்பு மணல், பனை. வாசலில் பெரிய வேப்பமரம், அதன் கிளையெல்லாம் சட்டை. காய்த்துத் தொங்கிய மாதிரி. லிங்கதுரை தொப்பையைத் தள்ளிக்கொண்டு சட்டையைக் கழற்றி மாட்டினார். துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. அவர் தம்பிகள், மச்சினர்கள், எல்லோரும் அப்படியே. பொம்பளைகள் செல்வக்கனியோடு உள்ளே போய்விட்டார்கள்.

பூபதி மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே மணலில் நின்றான். முதல் பட்டனில் விரல் வைத்திருந்தான். விரல் அங்கேயே நின்றது.

“மாப்ள, நேரமாவுது, கழத்துங்க” என்று யாரோ சொன்னார்கள்.

நான் அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றேன். என் சட்டையைக் கழற்றினேன். மேல் பனியனைக் கழற்றினேன். எல்லோரும் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். அடியில் தோல் நிறத்தில் இன்னொன்று இருந்தது. அடி ஓரத்தைப் பிடித்துத் தலைக்கு மேலே இழுத்தேன்.

நான் எத்தனையோ யோசித்திருந்தேன், இதை யோசிக்கவில்லை. வேர்வையில் நனைந்த பவர்நெட் பாதி வழியில் ஒட்டிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, முழங்கை கட்டுண்டு, முகம் துணிக்குள். இருட்டு. நெஞ்சும் வயிறும் மட்டும் வெளியே, ஊரே பார்க்க. நானே தைத்தது. என் தையல் சுலபத்தில் விடாது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “என்னாச்சு சம்பந்தி?” என்றார் லிங்கதுரை.

“மாட்டிக்கிச்சுங்க” என்றேன் துணிக்குள்ளிருந்து.

மணலில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டு கை என் முதுகுப் பக்கம் வந்தது.

“கைய நல்லா மேல தூக்குங்கப்பா. இழுக்காதீங்க, நான் பாத்துக்கறேன்.”

சின்ன வயதில் அவனுக்கு நான் பனியன் கழற்றிவிட்ட மாதிரியே, ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம் என்று உருட்டிக் கழற்றினான். வெளிச்சம் கண்ணில் குத்தியது. பூபதி சுற்றி வந்து என் முன்னால் நின்றான். என் நெஞ்சைப் பார்த்தான். அவனுக்கு இருப்பது போலவேதான், வயதாகிக் கொஞ்சம் தொங்கி. நாற்பது வருஷமாக இதை வெளிச்சத்தில் ஒருவரும் பார்த்ததில்லை, துளசிமணியைத் தவிர. அவன் விரலால் என் தோளுக்குக் கீழே தொட்டான்.

“தையல் தடம் பதிஞ்சுபோச்சு பாருங்க” என்றான்.

அதற்குள் ஒரு பெரியவர், லிங்கதுரைக்குச் சித்தப்பாவாம், “ஏல லிங்கதுரை, உன் சம்பந்தி உன்னவிடச் செழிப்பால்லா இருக்காரு!” என்றார். சிரிப்பு எழுந்தது.

“திருப்பூர்த் தண்ணிங்க” என்றேன்.

இன்னும் சிரித்தார்கள். நான் துண்டை இடுப்பில் கட்டி முடிப்பதற்குள் சிரிப்பு முடிந்து, யாரோ பூசாரியைத் தேட ஆரம்பித்தார்கள், யாரோ தேங்காய் எங்கே என்றார்கள். நான் நாற்பது வருஷம் பயந்தது இவ்வளவு நேரத்துக்குத்தான். ஒரு துண்டு கட்டுகிற நேரம்.

திரும்பிப் பார்த்தால் பூபதியின் பட்டுச்சட்டை வேப்பங்கிளையில் தொங்கியது. வெள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பக்கவாட்டுக் கொக்கி கழலவில்லை. போய்க் கழற்றிவிட்டேன். அவனைப் பார்த்தும் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம். தவில்காரர் அந்த நேரம் பார்த்து அடிக்க ஆரம்பித்தார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் இருந்தால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

கொஞ்சம் கூனிக்கொண்டுதான் உள்ளே போனான். அது ஒரு நாளில் நிமிராது. பூசாரி எங்கள் இரண்டு பேர் நெஞ்சிலும் சந்தனத்தை அள்ளிப் பூசினார். குளிர்ச்சியாக இருந்தது.

தாலி கட்டி முடித்ததும் செல்வக்கனி அவன் இடது தோளுக்குக் கீழே ஒரு பார்வை பார்த்தாள். அங்கே தையல் தடம் சிவப்பாக இருந்தது. புடவைத் தலைப்பால் அதன்மேல் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள்.

துளசிமணி தூணோரம் நின்று அழுதாள். கல்யாணம் என்றால் அழுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஜூன் 1, சனி

கம்பெனி. குனிந்தது, நிமிர்ந்தது. சம்பளம்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். பூபதி வந்து நின்றான். கையில் பீஸும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை.

“அப்பா, யூனிட்டுக்குப் போட ஒண்ணு வேணுமுங்க. அங்க இன்னும் எனக்கு முடியலை. ஆனா மூச்சு முட்டாம, மேல சுருண்டுக்காம வேணும்.”

“தச்சரலாம் கண்ணு.”

“அஞ்சு பீஸும் ஏன் சுருண்டுச்சுன்னு தெரியுமுங்களா?”

“டம்மிக்குச் சரியாத்தான் இருந்துது” என்றேன்.

“எந்த டம்மி?” என்றான். துளசிமணி அடுப்படியிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் வந்து நின்றான். டேப்பை எடுத்தேன். கல்யாணத்துக்கு மூன்று மாதம் தைத்தவன் அவனை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை. கேட்கப் பயந்துகொண்டு, என் உடம்பையே அளவாக வைத்து வெட்டியிருக்கிறேன். அவன் என்னைவிட உயரம். தோள் குறுகல். மார்பு, நான் நினைத்துக்கொண்டிருந்த அளவே இல்லை. ஐந்து பீஸும் எனக்குத்தான் தைத்திருக்கிறேன்.

“கைய எறக்கு. சாதாரணமா மூச்சு உடு” என்றேன். விட்டான்.

டைரி வந்த அன்றைக்கு “யாரோட அளவுங்க?” என்று கேட்ட துளசிமணிக்குச் சொல்லாத பதிலை இங்கே குறித்துவைக்கிறேன்.

ஆறாவது பீஸ். பூபதி. மார்பு, மூச்சு இழுத்து 41, விட்டு 39. தோளிலிருந்து இடுப்பு, என்னைவிட இரண்டரை இன்ச் கூட.